கரையில் ஓடும் வெளிச்சம்

மொட்டை மாடிக்கு ஏறும்போது அக்கா மகள் மூன்று பொருட்களை எடுத்துக்கொள்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி, ஒரு நீள நோட்டு, பழைய வலையிலிருந்து அறுத்தெடுத்த நான்கு ஈயக் குண்டுகள். நொச்சிக்குப்பத்தில் மாடியில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் முதலில் காற்றோடு பேசி முடிக்க வேண்டும். இந்தப் பக்கத்துக்கு இரண்டு குண்டு, அந்தப் பக்கத்துக்கு இரண்டு. தாளைத் திருப்ப வேண்டுமென்றால் நான்கையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். அதனால் அவள் சீக்கிரம் தாளைத் திருப்புவதில்லை. ஒரு கணக்கோடு நெடுநேரம் இருந்துவிடுகிறாள். எந்த டியூஷனிலும் இந்தப் பழக்கத்தை வாங்கியிருக்க முடியாது.

கீழே வீட்டில் ஒரே ஹால். அதற்குள் டிவி, ஆயாவின் கட்டில், ஐஸ் பெட்டி, அடுப்பிலிருந்து வரும் மிளகாய் நெடி. இருட்டிய பிறகு மாடிதான் அவளுடைய படிப்பறை. நான் துணைக்கு ஏறுகிறேன். சொல்லிக்கொடுக்க அல்ல. ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். என் கணக்கில் கூட்டல், கழித்தல், ஜிஎஸ்டி எல்லாம் உண்டு. எக்ஸ் கிடையாது.

*

ஏழாம் பாடம், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். அதில் ஒரு கணக்கு. நேரான கடற்கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. அதன்மேல் சுழலும் விளக்கு, 10 நொடிக்கு ஒரு சுற்று. வெளிச்சக் கற்றை கரையோடு 45 டிகிரி கோணம் உண்டாக்கும் அந்தக் கணத்தில், கரையின்மேல் வெளிச்சம் என்ன வேகத்தில் நகர்கிறது?

மூன்று இரவு இதிலேயே நின்றாள். சூத்திரம் தெரியாமல் இல்லை. படம் வரையும்போதெல்லாம் விளக்கைக் கரையில் வைத்துவிடுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தலையைத் தூக்கினால் வடக்கே கலங்கரை விளக்கம். நம் ஊர் லைட்ஹவுஸ் 1977 ஜனவரியில் வந்தது. முக்கோண வடிவக் கட்டடம், 45 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். 10 நொடிக்குள் இரண்டு மின்னல், இதுதான் அதன் அடையாளம். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. இருட்டில் கடலில் இருக்கிறவர் அந்தத் தாளத்தை எண்ணித்தான் எந்த ஊர்க் கரை என்று தெரிந்துகொள்வார். அவள் அப்பாவுக்கு அது எண்ணிக்கையாகக்கூட இல்லை. மூச்சு மாதிரி ஆகிவிட்டது.

"லைட்ஹவுஸ் கரையிலதானே மாமா இருக்கும்? இவன் எதுக்குக் கப்பல்ல வெச்சான்?"

"கணக்குக்காக வெச்சிருப்பான்."

"அப்போ கரையில நிக்கிறவங்களுக்கா வெளிச்சம்? கரையில நிக்கிறவனுக்கு எதுக்கு வெளிச்சம்?"

நியாயமான கேள்வி. விடைத்தாள் திருத்துகிறவர் இதற்கு மதிப்பெண் போட மாட்டார்.

*

நான்காம் இரவு படத்தைப் புரட்டிப் போட்டாள். நோட்டையே தலைகீழாகத் திருப்பி, கரை இருந்த இடத்தில் கடல், கடல் இருந்த இடத்தில் கரை. அப்பா போட்டில் விளக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டாளாம். அப்புறம் எல்லாம் நேராக வந்தது.

கப்பலிலிருந்து கரைக்கு நேர்க்கோடு 5. அந்தக் கோட்டிலிருந்து விளக்கு தீட்டா கோணம் திரும்பியிருந்தால், கரையில் வெளிச்சம் நகர்ந்த தூரம் 5 டேன் தீட்டா. அதை நேரத்தைப் பொறுத்து வகையிட்டால் 5 சீக்கன் வர்க்கம் தீட்டா, பெருக்கல் கோணம் மாறும் வீதம். ஒரு சுற்று என்பது 2 பை ரேடியன், 10 நொடியில். அப்படியானால் வீதம் பையில் ஐந்தில் ஒன்று. 45 டிகிரிக்கு சீக்கன் வர்க்கம் 2. ஐந்தும் ஐந்தும் அடிபட்டுப் போகும். மிச்சம், நொடிக்கு 2 பை கிலோமீட்டர்.

விடை சரி என்று டிக் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகப் பார்த்தாள். நான்தான் நிறுத்தினேன். 2 பை என்றால் ஆறேகால் கிலோமீட்டர் சொச்சம். இங்கிருந்து தெற்கே கரையோடு ஆறேகால் கிலோமீட்டர் போனால் பட்டினப்பாக்கம், அடையாறு முகத்துவாரம், ஊரூர் குப்பம், பெசன்ட் நகர் எல்லாம் தாண்டித் திருவான்மியூர் வந்துவிடும். ஒரே நொடியில். விளக்கு என்னவோ கோயில் மாடு மாதிரி நிதானமாகத்தான் திரும்புகிறது. கரையில் விழும் வெளிச்சம் மட்டும் அந்த ஓட்டம் ஓடுகிறது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

தேர்வின் உடற்கூறு அவளுக்கு மனப்பாடம். 90 மதிப்பெண், 3 மணி நேரம், மீதி 10 அகமதிப்பீடு. ஒரு மதிப்பெண் கேள்வி 20. இரண்டு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, அதில் முப்பதாவது கேள்வி கட்டாயம். மூன்று மதிப்பெண்ணிலும் பத்துக்கு ஏழு, நாற்பதாவது கட்டாயம். ஐந்து மதிப்பெண் ஏழு, ஒவ்வொன்றிலும் இதுவோ அதுவோ. கேள்வித்தாளை வாசிக்க 10 நிமிடம், விவரம் சரிபார்க்க 5 நிமிடம்.

கட்டாயக் கேள்வி இரண்டும் புத்தகத்தில் இல்லாததாக வரலாம் என்று வகுப்பில் ஒரு பயம் உலவுகிறது. பயப்படுகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் உலவுகிறது. அணிகள், கலப்பெண்கள், கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதம், இவற்றைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண்ணை உருப்போட்டால் பாஸ். மெய்மை அட்டவணை போடத் தெரிந்த எவரும் தோற்க முடியாது என்கிறாள். அது உண்மைதான். நுண்கணிதத்தைத் தொடாமலே பிளஸ் டூ கணிதத்தில் தேறிவிடலாம்.

எனக்குத் தெரியும். நான் அப்படித் தேறியவன்.

*

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. நான் பிளஸ் டூ. அந்தச் சுனாமிக் காலையைப் பற்றி இங்கே எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது, என்னுடையதைவிடப் பெரிய கதைகள். நான் நோட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தரைத்தள வீடு. தண்ணீர் வடிந்த பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து நோட்டுகளை எடுத்து வந்து மாடியில் காயவைத்தேன். வகையீடும் தொகையீடும் ஒரே நோட்டில் இருந்தன. இங்க் பேனாவில் எழுதியது. சேறு காய்ந்து உதிர்ந்தபோது எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை, பக்கம் முழுக்க வெளிர் நீலக் கறை. ஆனால் படங்கள் பென்சிலில் போட்டவை. அவை அப்படியே இருந்தன. அச்சுகள், பரவளையம், வளைவை ஓரிடத்தில் தொட்டுவிட்டுப் போகும் தொடுகோடு. எந்தச் சமன்பாட்டுக்குப் போட்ட படம் என்று மட்டும் தெரியாது.

தேர்வுக்கு இரண்டரை மாதம் இருந்தது. இருக்கிற நாளில் இதை விட்டுவிடு, மற்றதைப் பார் என்றார்கள். அக்கறையோடு சொன்ன வார்த்தைதான். விட்டேன். 2005 மார்ச்சில் எழுதி 200க்கு 81. பாஸ் போட்டார்கள். அப்போது பொறியியலுக்கு நுழைவுத் தேர்வும் இருந்தது, 2007இல்தான் எடுத்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த நோட்டை ரொம்ப வருடம் வைத்திருந்தேன். வீடு மாற்றும்போது எங்கோ போய்விட்டது. இப்போது அக்கா மகள் ஸ்கேல் வைத்து ஒரு தொடுகோடு இழுக்கிறபோது, இருபது வருடமாகப் பெயர் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை யாரோ அறிமுகம் செய்துவைக்கிற மாதிரி இருக்கிறது. அந்தக் கோட்டின் சாய்வுதான் அந்த இடத்தில் வகைக்கெழு. அவ்வளவுதானா, என்று கேட்டுவிட்டேன்.

"அவ்ளோதான் மாமா. இதுக்கா பயந்தே?"

*

அக்காவின் மீன் விலை.

காலை 7 மணிக்குச் சங்கரா கிலோ 400 என்று ஆரம்பிப்பாள். 9 மணிக்கு 380. பதினோரு மணிக்கு 300. அப்புறம் சரசரவென்று இறங்கும். 12 மணிக்குக் கிலோ போய்க் கூறு ஆகிவிடும். ஒரு மணி வெயிலில் என்ன கொடுத்தாலும் சரி என்கிற நிலை. ஆனால் ஒரு இடத்துக்குக் கீழே இறங்க மாட்டாள். அதற்குமேல் குறைத்தால் உப்புப் போட்டுக் கருவாடாக்கிவிடுவது லாபம்.

இதை அவள் மகள் நோட்டில் வளைவாகப் போட்டாள். காலையிலிருந்து மதியம் வரை வகைக்கெழு குறைதான், விலை ஏறுவதே இல்லை. முதலில் மெல்ல இறங்கி, வரவரச் செங்குத்தாகி, கருவாட்டு விலையை நெருங்கும்போது மறுபடி மெல்லப் படுக்கிறது. நடுவில் ஓரிடத்தில் வளைவு தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. அதுவரை குப்புறக் கவிழ்த்த கிண்ணம், அதற்குப் பிறகு நிமிர்த்திய கிண்ணம். வளைவு மாற்றப் புள்ளி. அக்காவைக் கேட்டேன், விலை எப்போது ரொம்ப வேகமாக விழும்?

"பதினொண்ணே முக்கா. அப்போதான் ஐஸு தண்ணியாவும், ஆபீஸ் போறவங்களும் இருக்க மாட்டாங்க."

நோட்டில் புள்ளி விழுந்த இடமும் கிட்டத்தட்ட அதுதான். இதில் பெருமைப்பட எனக்கு ஆசை. கடல்புறத்து மக்களுக்கு நுண்கணிதம் ரத்தத்தில் இருக்கிறது என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். ஆனால் அக்காவுக்குத் தெரிந்தது அக்காவுக்கு. அதை இரண்டாம் வகைக்கெழு பூச்சியம், அதற்கு இருபுறமும் குறி மாறுகிறது என்று வரிசையாக எழுதிக் காட்டினால்தான் மூன்று மதிப்பெண். தெரிவது ஒன்று, எழுதிக் காட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் இந்தப் பெண் ராத்திரி ராத்திரி நடந்துகொண்டிருக்கிறாள். அந்தத் தூரம் இல்லை என்று சொல்வது அவளுக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

அக்காவின் கடை லூப் ரோட்டு மீன் அங்காடியில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கில் சாலையோரக் கடைகளை அகற்றினார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு அங்காடி திறந்தார்கள். ரோட்டில் போகிற காரை நிறுத்தி வாங்குகிறவர்கள் ஒரு வளைவு, உள்ளே நடந்துவந்து வாங்குகிறவர்கள் வேறு வளைவு. அதை அவள் இன்னும் வரையவில்லை.

*

தமிழ் வழியில் படிப்பதால் அவளுக்குக் கிடைக்கிற சில சில்லறை லாபங்கள்.

சார்பு. ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருப்பது. சொல்லே வேலையைச் சொல்லிவிடுகிறது. மாறி, மாறிலி. மாறுவது, மாறாதது. எட்டு எழுத்து ஆங்கிலச் சொல்லை உருப்போட வேண்டியதில்லை. தொடுகோடு, தொடும் கோடு.

எல்லை. இது மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். ஊர் எல்லை என்றால் போய் மிதிக்கலாம். கணிதத்தின் எல்லையை மிதிக்க வேண்டியதில்லை, நெருங்கினால் போதும். எவ்வளவு நெருக்கம் கேட்டாலும் அதைவிட நெருங்க முடிந்தால் போதும். ஏழாவது படிக்கும் தம்பி ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அப்போ போவவே மாட்டாங்களா?" என்றான். போகலாம், போகாமலும் இருக்கலாம், அது இங்கே கேள்வியே இல்லை என்றாள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் இரண்டு நாள் ஆனது.

தொகையீட்டுக் குறியை அவள் தூண்டில் என்கிறாள். மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. உண்மையில் அது நீட்டி எழுதிய எஸ். 1675இல் லைப்னிட்ஸ் தன் குறிப்புகளில் முதலில் போட்டார். லத்தீனில் சும்மா என்றால் கூட்டுத்தொகை, அதன் முதல் எழுத்து. நாம் சும்மா என்றால் வேறு. இதைச் சொன்னதும் சிரித்து ஒரு குண்டைத் தட்டிவிட்டாள், தாள் பறந்து தண்ணீர்த் தொட்டி மேல் ஒட்டிக்கொண்டது. தமிழில் தொகை என்றே வைத்திருக்கிறார்கள். லைப்னிட்ஸ் சொன்னதும் அதுதான்.

*

கூட்டல் சி.

தொகையிட்டு முடித்ததும் கடைசியில் ஒரு மாறிலியைச் சேர்க்க வேண்டும். மறந்தால் மதிப்பெண் போகும். வாரத்துக்கு நாலு முறை மறக்கிறாள். நோட்டு ஓரத்தில் சிவப்பு மையில் சி சி சி என்று எழுதிவைத்திருக்கிறாள், காதுகுத்துக் கல்யாணத்துக்கு மொய் எழுதாதவர் பட்டியல் மாதிரி.

எதற்கு இந்த சி என்று பத்தாம் பாடத்தில்தான் எனக்கு விளங்கியது. ஒரு பொருள் ஒவ்வொரு கணமும் எந்த வேகத்தில் மாறுகிறது என்று முழுதாகத் தெரிந்தாலும், அது இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. எங்கே தொடங்கியது என்று யாராவது சொன்னால்தான் முடியும். தொடக்க நிபந்தனை. அந்தப் பாடத்தில் ஒரு துப்பறிவாளர் வருகிறார். ஒரு பிணத்தின் வெப்பநிலையை 8 மணிக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்து, உயிர் எப்போது போனது என்று நியூட்டனின் குளிர்தல் விதியை வைத்துப் பின்னோக்கிப் போகிறார். வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த கணக்காம். அங்கேயும் உயிரோடு இருந்தபோது உடம்புச் சூடு 98.6 என்று ஒரு எண் தெரிந்திருந்தால்தான் நேரம் கிடைக்கும். வீதம் மட்டும் தெரிந்து பிரயோசனமில்லை.

ஒரே வேகத்தில் ஏறும் இரண்டு வளைவுகள், ஒன்றுக்கு மேல் ஒன்று, எங்கும் தொடாமல், எங்கும் விலகாமல். இரண்டின் சாய்வும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்றே. சி மட்டும் வேறு. இந்தப் படத்தை அவள் போட்டு வைத்துவிட்டுக் கீழே சாப்பிடப் போனாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூர் இங்கிருந்து நடக்கிற தூரம். அங்கே ஆறாம் வகுப்பிலிருந்தே நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளையும், இங்கே ஈயக் குண்டு வைத்துப் படிக்கிற இவளும், இந்த மார்ச் மாதத்தில் ஒரே வேகத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். சாய்வைக் கணக்கெடுத்தால் இவள் ஒரு புள்ளி கூடுதலாகவே இருப்பாள். தேர்வு சாய்வை அளப்பதில்லை. உயரத்தை அளக்கிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கு வந்தது. அடுத்த வருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும். இதை எதிர்த்துப் பேசுகிறவர்களை அச்சகத்தில் டீ நேரத்தில் கேட்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. கூட்டல் சி போட மறந்துவிடுகிறார்கள்.

*

நதியோர மேய்ச்சல் நிலம். 1,80,000 சதுர மீட்டர் பரப்பு வேண்டும், செவ்வகம், நதிப் பக்கம் வேலி தேவையில்லை. குறைந்தபட்ச வேலி எவ்வளவு? அகலம் 300, நீளம் 600, மொத்தம் 1,200 மீட்டர். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

"நதிப் பக்கம் வேலி வேணாம்னு யாரு சொன்னது? தண்ணி உள்ள வந்தா?"

அவள் சுனாமிக்கு நாலு வருடம் கழித்துப் பிறந்தவள். 2015 வெள்ளத்தின்போது ஏழு வயது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கடல் பக்கம் வேலி போட முடியாத செவ்வகத்தில்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

*

ஆயா சொன்னாள் என்று ஒரு ராமானுஜன் படம் வாங்கிவந்து புத்தகப் பைக்குள் வைத்திருக்கிறாள். எனக்கு அதில் பெரிய இஷ்டமில்லை. டிசம்பர் 22 வந்தால் பள்ளியில் மாலை போட்டு, அவர் மாதிரி ஆக வேண்டும் என்பார்கள். அவர் எஃப்.ஏ. தேர்வில் இரண்டு முறை தோற்றதை ஓரமாகச் சொல்வார்கள். 1912இல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தவர். திருவல்லிக்கேணியில்தான் குடியிருந்தார், இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. காகிதம் விலை என்பதால் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழிப்பாராம்.

குமாஸ்தா வேலை என்றதும் எனக்குக் கொஞ்சம் நெருக்கம் தோன்றியது உண்மைதான்.

"அவரு கணக்குல ஃபெயில் இல்ல மாமா. மத்த சப்ஜெக்ட்ல" என்று அந்த நெருக்கத்தைத் துண்டித்தாள்.

*

விடிகாலை மூன்று மணி.

அவள் அப்பா எழுந்து எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலுக்குப் போவார். அக்கா கரையில் மீன்பாடு இல்லாத நாட்களில் காசிமேட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறுவாள். இரண்டு பேரும் போன பிறகு வீட்டில் விழும் அமைதியில் இவள் முகம் கழுவி உட்காருவாள். ராத்திரி புரியாதது அப்போது புரியும் என்கிறாள். எனக்கு அந்த நேரத்துக்கு விழிப்பு வருவதில்லை. ஒருநாள் வந்தது, போய்ப் பார்த்தேன்.

ஹாலில் ஆயா தூங்குகிறாள். தம்பி தூங்குகிறான். இவள் சமையல் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு எழுதுகிறாள். உட்கார்ந்தால் தூக்கம் வருமாம். 17 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அடியைச் சுவரிலிருந்து நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இழுக்கிறார்கள். அடி சுவரிலிருந்து 8 மீட்டரில் இருக்கும்போது மேல்முனை என்ன வேகத்தில் இறங்கும்? பிதாகரஸ் போட்டால் உயரம் 15. விடை எட்டில் மூன்று பங்கு என்று எழுதி அடித்துவிட்டு, மூன்றில் எட்டு என்று மாற்றினாள். அப்புறம் முன்னால் ஒரு குறைக் குறி. இறங்குகிறதே.

ஏணியை ஏன் இழுக்கிறார்கள், மேலே யாராவது நிற்கிறார்களா என்று கேட்க நினைத்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் மாதத்து விடிகாலையில் மணலில் சில நாள் பங்குனி ஆமையின் தடம் இருக்கும். முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் போன இரண்டு வரிசைக் கோடு, கரைக்கு ஏறியது ஒன்று, கடலுக்கு இறங்கியது ஒன்று. அன்று தெரு விளக்கில் அப்படி ஒன்று தெரிந்தது. இரண்டு கோடும் மேலே சந்திக்கிற இடத்தில் மணல் கிளறியிருந்தது. பெருமப் புள்ளி, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எதைப் பார்த்தாலும் இப்படி ஆகிவிட்டது எனக்கு.

*

நாளைக்குக் கணிதம்.

ஹால் டிக்கெட், இரண்டு பேனா, பென்சில், ஸ்கேல் எல்லாம் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தாயிற்று. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதிய கடைசி செட் இவளுடையது, அதற்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அதனால் தேர்வறையைப் பற்றிப் பயமில்லை என்கிறாள். கணிதத்தைப் பற்றி? அதற்குப் பதில் இல்லை.

கடைசியாக ஒருமுறை மாடிக்குப் போனோம். புதிதாக எதுவும் படிக்கவில்லை. அந்தக் கப்பல் விளக்குப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டாள்.

"மாமா, 45 டிகிரில 2 பை. 60 டிகிரி போட்டுப் பார்த்தேன், 4 பை. கோணம் ஏற ஏற வேகம் ஏறிக்கினே போகுது. 90 கிட்ட போனா?"

"எவ்வளவு?"

"எவ்வளவு கேட்டாலும் அதுக்கு மேல. எல்லையே இல்ல."

அதெப்படி, வெளிச்சத்துக்கும் ஒரு வேகம் இருக்குமே என்றேன். அது ஃபிசிக்ஸ், இது மேத்ஸ் என்று என்னைத் தள்ளிவிட்டாள். பிறகு கையை நீட்டி, விளக்கு மாதிரி மெல்லத் திரும்பினாள். கை கரைக்கு நேராக இருந்து, சாய்ந்து, சாய்ந்து, கரைக்கு இணையாகத் திருவான்மியூரைப் பார்த்து நின்றது.

"இங்க வந்ததும் வெளிச்சம் கரைய தொடாது. அதுக்கப்புறம்" என்று கையைக் கடல் பக்கம் திருப்பினாள், "இப்படிப் போயிடும். பாதிச் சுத்து. பத்து செகண்டுல அஞ்சு செகண்டு கரைக்கு ஒண்ணுமே கிடையாது. கணக்குல அதைக் கேக்கல."

வடக்கே லைட்ஹவுஸ் இரண்டு முறை மின்னியது. அடுத்த இரண்டுக்கு நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கீழே இறங்கியபோது அவள் அப்பா வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான்கு ஈயக் குண்டுகளையும் அவருடைய தகர டப்பாவில் போட்டாள்.

"இன்னா, வேணாமா?"

"நாளையோட கணக்கு முடியுதுப்பா."

அவர் டப்பாவைக் குலுக்கினார். மூன்றை உள்ளே விட்டுவிட்டு ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"ஹால்ல ஃபேன் ஓடும்" என்றார்.

வாங்கி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.